பாட்டும் படிப்புதான்

நாம் எப்படிப் படிக்கக் கற்றோம்? முதலில் எழுத்து. பிறகு சொல். அதன் பிறகு வாக்கியம். இசையும் அப்படித்தான்.

கர்நாடகத்தில் வாழ்ந்தவர் புரந்தரதாசர். இசைக்குப் பாட முறை வகுத்தவர் என்று இவரைப் போற்றுகிறார்கள். ச ரி க ம ப த நி என்பவை ஏழு சுரங்கள். இவற்றை ஏற்றியும் இறக்கியும் பாடுவது சரளி வரிசை. முதலில் மெதுவாகப் பாட வேண்டும். பிறகு இரண்டு மடங்கு வேகம். பிறகு நான்கு மடங்கு வேகம்.

சின்னப் பிள்ளைகள் சும்மா உட்கார மாட்டார்கள். கைக்கு வேலை கொடுங்கள்.

ஆதி தாளம் போடச் சொல்லுங்கள். தொடையில் ஒரு தட்டு. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் 8 எண்ணிக்கை.

இன்னொரு விளையாட்டு. ஒரே மாதிரியான 4 கண்ணாடித் தம்ளர்களை எடுங்கள். வெவ்வேறு அளவில் தண்ணீர் ஊற்றுங்கள். கரண்டியால் மெல்லத் தட்டுங்கள். தண்ணீர் கூடினால் ஒலி தாழும். குறைந்தால் ஒலி உயரும். பிள்ளையே தம்ளர்களை வரிசையாக வைக்கட்டும்.

பெங்களூரு ஜே.பி. நகரில் ஓர் இசை அருங்காட்சியகம் உண்டு. 2019-இல் திறந்தார்கள். அங்கே ஒலித் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகள் தொட்டும் தட்டியும் ஒலி எழுப்பலாம்.

"எனக்குப் பாட வராதே" என்று தயங்குகிறீர்களா? உங்கள் அம்மா பாடிய தாலாட்டும் இசைதான். நடவுப் பாட்டும் இசைதான். நீங்கள் சொல்லித் தராவிட்டால் அது உங்களோடு போய்விடும்.

இன்றே பிள்ளையோடு சேர்ந்து பாடுங்கள். பிறகு அந்தப் பாட்டை நோட்டில் எழுதி வையுங்கள். இப்போதுதான் உங்களுக்கு எழுதத் தெரியுமே!