தரவுத்தளச் சூழற்பொருளின் வாழ்நாளும் வட்டாரச் சொல் தொகுப்பும்

தென்காசி மாவட்டம் ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றுவோரின் தொழிற்சொற்களைக் களப்பணியாளர் பலர் இணையவழிப் பதிவுசெய்யும் தரவுத்தளம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது மைக்ரோசாஃப்டின் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரைக் கொண்டு அமைக்கப்படின், நிரலுக்கும் தரவுத்தளத்திற்கும் இடையே ‘டிபிகான்டெக்ஸ்ட்’ என்னும் சூழற்பொருள் செயற்படும். படித்த பதிவுகளை அது நினைவில் இருத்தி, அவற்றில் நேரும் மாற்றங்களைக் கண்காணித்து, சேமிக்கும் ஆணை வந்ததும் ஒருசேர எழுதுகிறது.

இந்நினைவே வாழ்நாள் நீளும்போது இடராகிறது. செயலி முழுமைக்கும் ஒரே சூழற்பொருளைப் பயன்படுத்தினால் மூன்று விளைவுகள் நேரும். முதலாவது, வேறொரு செயலி வழியாகத் திருத்தப்பட்ட சொற்பொருள், மீண்டும் வினவினாலும் பழைய வடிவிலேயே கிடைக்கும். இரண்டாவது, பிழையால் சேமிக்கப்படாத புதிய பதிவு உள்ளேயே தங்கி, அடுத்தவரின் சரியான பதிவையும் தடுக்கும். மூன்றாவது, இருவர் ஒரே நேரத்தில் அணுகினால் பிழை எழும். ஒரு சூழற்பொருள் ஒரு நேரத்தில் ஒரு செயலுக்கே உரியது.

எனவே, ஒரு கோரிக்கைக்கு ஒரு சூழற்பொருள் என்பதே தக்க அளவாகும். ஏஎஸ்பி.நெட் கோரில் ‘ஆட்டிபிகான்டெக்ஸ்ட்’ வழியே அமைத்தால் இவ்வாழ்நாளே இயல்பாகக் கிடைக்கும். கோரிக்கை முடிந்ததும் சட்டகமே அதனை விடுவிக்கும். பட்டியலை மொத்தமாக ஏற்றுவது போன்ற பணிகளில் ‘யூசிங்’ கூற்றுக்குள் உருவாக்குதல் வேண்டும். இடையில் பிழை நேரினும் விடுவிப்பு நிகழும். 2020இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு இத்தகைய பணிகளுக்கெனச் சூழற்பொருள் உருவாக்கியையும் சேர்த்தது.

அடிக்கடி உருவாக்குவது வேகத்தைக் குறைக்கும் என்னும் அச்சம் பெரிதும் தேவையற்றது. தரவுத்தள இணைப்புகள் பொதுத் தொகுதியிலிருந்து மீளப் பயன்படுகின்றன. களத்தில் கேட்டெழுதிய சொல் மறுமுறை கிடைப்பது உறுதியன்று. ஆதலின் விடுவிப்பு, தொகுப்பின் நம்பகத்தன்மையோடும் தொடர்புடையது.