ஏர்கன் வாங்கும் முன்... எந்த பெல்லட் எதற்கு? மயிலுக்கு எது வழி?

ஒருபக்கம் சிறுமலை, மறுபக்கம் திராட்சைப் பந்தல், மக்காச்சோளம், நிலக்கடலை, தென்னை. திண்டுக்கல் மாவட்டம், காந்திகிராமம், சின்னாளபட்டி, அம்பாத்துரை வட்டாரத்து விவசாயிகளுக்கு விடியலும் அந்தியும் இப்போது காவல் நேரம். விதைத்த கடலையை மயில் கிளறுகிறது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மக்காச்சோளத்தைக் கொத்துகிறது. இரவானால் காட்டுப்பன்றி. இப்படி வெறுத்துப்போன நேரத்தில்தான், ‘ஒரு ஏர்கன் வாங்கிவிடலாமா, அதற்கு லைசென்ஸ்கூட வேண்டாமே?’ என்ற யோசனை வருகிறது. அடுத்த கேள்வி, ‘எந்தக் குண்டு நல்லது?’ என்பது.

அட்டையில் குறிபார்த்துச் சுடுவதற்கு அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிறது. மயிலுக்கும் பன்றிக்கும் பொருத்தமான பெல்லட் என்று ஒன்று இல்லை. காரணம், சட்டம் மட்டுமல்ல; அந்தக் குண்டின் வலுவும்தான்.

‘லைசென்ஸ் வேண்டாம்’ என்றால்..?

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ-க்கு (0.177 அங்குலம்) மிகாமலும், குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருக்கும் ஏர்கன்களுக்கு மட்டுமே உரிமம் தேவையில்லை. இதில் ஏதாவது ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும். கடைகளிலும் கைமாற்றிலும் பேசப்படும் ‘0.22’ ரகத்தின் விட்டம் 5.5 மி.மீ. அதற்கு உரிமம் கட்டாயம்.

உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்பது, எதை வேண்டுமானாலும் சுடலாம் என்ற அனுமதி அல்ல. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

முனையைப் பார்த்து வாங்க வேண்டும்

பெல்லட் பெரும்பாலும் ஈயத்தால் ஆனது. தலை, குறுகிய இடுப்பு, விரிந்த பாவாடை என உடுக்கை போன்ற வடிவம் கொண்டது. சுடும்போது காற்றழுத்தத்தில் பாவாடைப் பகுதி விரிந்து, குழலின் உள்ளே இருக்கும் புரிகளைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் குண்டு சுழன்றபடி நேராகப் போகிறது. பாவாடை நசுங்கிய குண்டு குறி தவறும்.

தட்டை முனை: 10 மீட்டர் போட்டிகளில் பயன்படுவது இதுதான். அட்டையில் வட்டமாக, சுத்தமாகத் துளை போடும். மதிப்பெண் பார்க்க எளிது. தூரம் கூடக்கூட காற்று இதைத் தடுக்கும்.

உருண்டை முனை: காற்றைக் கிழித்துச் செல்வதால் 20, 25 மீட்டர் தூரத்துக் குறிகளுக்கு ஏற்றது.

கூர்முனை: பார்க்கப் பயங்கரமாக இருக்கும் என்பதால் அதிகம் விற்கிறது. முனை சிறிது கோணினாலும் குறி தவறும். துல்லியத்துக்கு இது முதல் தேர்வு அல்ல.

குழிமுனை: பட்டதும் விரியும்படி, வேட்டைக்கென்று வந்த வடிவம். நம் நாட்டில் அட்டையில் சுடுபவருக்கு இதனால் கூடுதல் பயன் எதுவும் இல்லை.

எஃகுக் குண்டுகளைப் புரியுள்ள குழலில் போடக் கூடாது. குழலும் கெடும், கடினமான பரப்பில் பட்டால் சுட்டவரை நோக்கியே தெறித்து வரும்.

எடையும் அளவும்

டின்னின் மீது எடை ‘கிரெயின்’ கணக்கில் இருக்கும். ஒரு கிரெயின் 0.065 கிராம். குறிச்சுடுதலுக்கு 7 முதல் 8.5 கிரெயின் வரை போதும். 8 கிரெயின் என்பது சுமார் அரை கிராம். மிக லேசான குண்டு வேகமாகப் போகும் என்று விளம்பரப்படுத்துவார்கள். ஆனால் ஒலியின் வேகத்தை நெருங்கினால் குண்டு தள்ளாடும். வேகத்தைவிட சீரான எடைதான் முக்கியம்.

தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று நூலிழை வித்தியாசத்தில் கிடைக்கிறது. உங்கள் துப்பாக்கிக்கு எது பொருந்தும் என்பதை அந்தத் துப்பாக்கிதான் சொல்லும். இரண்டு, மூன்று ரகங்களில் சிறிய டின் வாங்கி, மணல் மூட்டை மீது துப்பாக்கியை வைத்து, 10 மீட்டரில் ஒவ்வொன்றிலும் 5 குண்டுகள் சுட வேண்டும். ரகம் மாற்றியதும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. எந்த ரகத்தின் ஐந்து துளைகளும் நெருக்கமாக விழுகின்றனவோ, அதுவே ஏற்றது. துளைகள் மையத்தில் விழாவிட்டால் கவலை இல்லை. அதைக் குறிமானியில் திருத்திக்கொள்ளலாம்.

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டி அட்டையில் ‘பத்து’ என்ற மையப்புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தது இந்தப் பிரிவில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வென்றதும் இதே பிரிவில்தான். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இருந்தால், மதுரை, கோவை போன்ற ஊர்களில் இருக்கும் ரைபிள் கிளப்பில் சேர்த்து, பயிற்சியாளர் கண்காணிப்பில் பழக்குவதே முறை.

வயலில் ஏன் கூடாது?

அரை கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சுமார் 10 ஜூல். அட்டையில் துளை போட இது தாராளம். நான்கு, ஐந்து கிலோ எடையுள்ள ஆண் மயிலை இது பெரும்பாலும் கொல்லாது, காயப்படுத்தும். குண்டைச் சுமந்தபடி பறந்து, எங்கோ புதரில் கிடந்து நாள்கணக்கில் சாகும். அதைத் தின்னும் நாய்க்கும் பருந்துக்கும் ஈய நஞ்சு போய்ச் சேரும். காட்டுப்பன்றிக்கோ இது வெறும் சீண்டல். காயம்பட்ட பன்றி அடுத்து வருபவர் மீது பாயும்.

மயில், 1963 முதல் தேசியப் பறவை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். காயப்படுத்துவதும், அதற்கு முயற்சி செய்வதும்கூடச் சட்டப்படி ‘வேட்டை’தான். ‘குண்டு படவே இல்லை’ என்ற வாதம் எடுபடாது. துப்பாக்கியும் பறிபோகும். திராட்சைக்கு வரும் கிளி, மைனாவுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் புதிய நடைமுறை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ வரை பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ-க்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். எந்த இடத்திலும் விவசாயி தானே துப்பாக்கி எடுக்க அனுமதி இல்லை.

அருணாச்சலப் பிரதேசத்தில் பறவைகள் அருகிப் போனதைக் கண்டு, 2021 மார்ச்சில் ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியது. 2,000-க்கும் மேற்பட்டவற்றை மக்களே முன்வந்து கொடுத்தார்கள்.

பயிரைக் காக்க என்ன செய்யலாம்?

விவசாயியின் இழப்பு சிறியதல்ல. பஞ்ச காலத்தில் பயிரை விலங்குகளுக்கு விட்டுக்கொடுப்பதை அகிம்சை என்று சொல்ல முடியாது என்ற கருத்தை, 1946-ல் ‘ஹரிஜன்’ இதழில் காந்தியே எழுதியிருக்கிறார். எனவே, ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்பது பதில் ஆகாது. பலன் தரும் வழிகளைத்தான் பார்க்க வேண்டும்.

* விதைத்த முதல் 10 நாளும், கதிர் பால் பிடிக்கும் நாள்களும்தான் அதிக ஆபத்து. காலை, மாலை காவலை அந்த நாள்களில் குவிக்கலாம்.
* பக்கத்துக் காட்டுக்காரர்களோடு பேசி ஒரே நேரத்தில் விதைத்தால் சேதம் ஒரே வயலில் விழாது.
* திராட்சைப் பந்தலுக்கும் நாற்றங்காலுக்கும் வலைதான் உறுதியான தடுப்பு. செலவு ஒருமுறை, பயன் பல பருவம்.
* சிவப்பு–வெள்ளி மினுக்கு ரிப்பனை முறுக்கிக் கட்டலாம். சில நாளில் பறவைகள் பழகிவிடும் என்பதால், இடத்தையும் முறையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.
* பன்றிக்கு, விதிப்படி பதிவு செய்த சூரிய மின்வேலி. வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் கொடுப்பது மனித உயிரையே பறிக்கும்.
* சேதம் நடந்த அன்றே படம் எடுத்து, வி.ஏ.ஓ-விடம் தெரிவித்து, வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

*தாத்தா காலத்து 0.22 ஏர்கன் வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது?*

உரிமம் இல்லையென்றால் வைத்திருக்கவோ, விற்கவோ வேண்டாம். காவல் நிலையத்தில் எழுத்துமூலமாகத் தெரிவித்து ஒப்படைத்து, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

*குண்டு போடாமல் சத்தத்துக்காக மட்டும் சுடலாமா?*

ஸ்பிரிங் வகை ஏர்கனில் குண்டு இல்லாவிட்டால் பிஸ்டன் நேராக மோதி உள்பாகங்கள் உடையும். சத்தமும் மயிலை விரட்டும் அளவுக்கு வராது. தகர டப்பா மேல்.

*பயிற்சியின்போது பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சரியா?*

கூடவே கூடாது. ஈயம் உடலில் தங்கும் நஞ்சு. குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. தொட்ட கையைச் சோப்பால் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். வெள்ளைப் பொடி பூத்த பழைய பெல்லட்டைப் பயன்படுத்தக் கூடாது.

*தோப்பில் தென்னை மரத்தில் அட்டை ஒட்டிச் சுடலாமா?*

வேண்டாம். குறி தவறிய குண்டு சில நூறு மீட்டர் போகும். பின்னால் மண்மேடு இருக்கட்டும். அட்டைக்குப் பின்னே, பழைய துணி திணித்து இரும்புத் தகடு வைத்த பெட்டி வேண்டும். அதில் சேரும் ஈயத்தை அள்ளிவிடலாம், நிலத்தில் கலக்காது. கண்ணாடி அணியாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது.