நொய்யல் வழக்கும் உடல்நலத் தாக்க மதிப்பீட்டில் மக்கள் பங்கேற்பும்

முன்னுரை

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது. சாயக்கழிவால் இவ்வாற்றுக்கு நேர்ந்த பாதிப்பை முன்வைத்து, சுற்றுச்சூழல் சார்ந்த உடல்நலத் தாக்க மதிப்பீட்டில் மக்கள் பங்கேற்பு எக்கட்டத்தில் தொடங்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வழக்கும் இழப்பீடும்

பருத்தியில் சாயம் ஏறச் சோடியம் குளோரைடு, சோடியம் சல்பேட்டு ஆகிய உப்புகள் பெருமளவில் சேர்க்கப்படுகின்றன. வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தைக் குறைக்குமேயன்றிக் கரைந்த உப்பை நீக்காது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புநீர், பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, நிலத்தடி நீரையும் கெடுத்தது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். சூழலியல் இழப்பு ஆணையம் 2004இல், 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. கழிவுநீரை ஆற்றில் அறவே விடலாகாது என்னும் நிபந்தனை நிறைவேறாமையால், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

இவ்விழப்பீட்டின் அலகு விளைநிலம். அதே கிணற்று நீரைப் பயன்படுத்திய நிலமற்ற கூலித் தொழிலாளர் இக்கணக்கில் இடம்பெற வழியில்லை.

அறிவிக்கையின் கட்டங்கள்

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நான்கு கட்டங்களை வகுக்கிறது: வகைப்படுத்தல், ஆய்வு வரம்பை வரையறுத்தல், மக்கள் கலந்தாய்வு, பரிசீலனை. கருத்துக்கேட்புக் கூட்டத்திற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தேவை. மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் நியமிக்கும் உயர் அலுவலர் தலைமை ஏற்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்துகிறது. நேரில் வராதோர் எழுத்து வடிவில் கருத்துரைக்கலாம்.

ஆயினும், மக்கள் பேசுவதற்கு முன்பே எவற்றை ஆராய்வது என்பது முடிவாகிவிடுகிறது. அறிக்கைக்கு மறுமொழி கூறும் உரிமை மக்களுக்கு உண்டு. அறிக்கையின் வினாக்களை வகுப்பதில் பங்கில்லை. உடல்நலத் தாக்கத்தைத் தனியே மதிப்பிடுவதும் பொதுவான கட்டாயமாக்கப்படவில்லை. ஆய்வுப் பரப்பு வழக்கமாகத் திட்ட இடத்தைச் சுற்றிப் 10 கிலோமீட்டர் ஆரமாகக் கொள்ளப்படுகிறது. நொய்யலின் உப்போ ஆற்றின் போக்கிலேயே கரூர் வரை சென்றது. எந்தக் கிணறு எப்போது உவர்த்தது, தோட்ட வேலைக்கு வருவோர் எங்கே நீர் அருந்துகின்றனர் என்பன அவ்வூராரே முதலில் அறிபவை.

முடிவுரை

உலக நல நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு முன்னெடுத்த 1999ஆம் ஆண்டின் கோதன்பர்க் ஆவணம், மக்களாட்சி, சமத்துவம் ஆகியவற்றை உடல்நலத் தாக்க மதிப்பீட்டின் விழுமியங்களுள் வைக்கிறது. நொய்யலில் மக்களின் குரல் சேதத்திற்குப் பின் நீதிமன்றம் வழியாகவே வலுப்பெற்றது. அதுவும் நிலமுடையோரின் குரலாகவே கணக்கிடப்பட்டது. எனவே, ஆய்வு வரம்பை வரையறுக்கும் கட்டத்திலேயே நீரோட்டத்தின் கீழ்ப்பகுதி ஊர்களையும் நிலமற்றோரையும் கலந்தாலோசித்தல் இன்றியமையாதது.