சுடுமண் காதணி

சுடுமண் காதணி என்பது களிமண்ணால் உருவமைத்து, உலர்த்தி, நெருப்பில் சுட்டு ஆக்கப்படும் காதணி ஆகும். தோடு, சிமிக்கி, தொங்கட்டான் ஆகிய வடிவங்களில் இது செய்யப்படுகின்றது. தமிழ்நாட்டில், விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையில் நடந்த அகழாய்வில் சுடுமண் காதணிகள் கிடைத்துள்ளன. சக்கரமோ பெரிய சூளையோ இன்றியமையாதன அல்ல என்பதால் இதனை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும்.

மண் பதப்படுத்தல்

களிமண்ணை நீரில் கரைத்துத் துணியால் வடிகட்டினால் கல்லும் வேரும் நீங்கும். வண்டல் படிந்தபின் மேல்நீரை இறுத்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை மண்ணை உலரவிட்டு நன்கு பிசைதல் வேண்டும்.

உருவமைத்தல்

தோட்டிற்கு மண்ணைத் தட்டையாகத் தேய்த்து வெட்டுவர். சிமிக்கியின் குடைப்பகுதியை அரைக்கோள அச்சின்மேல் படியவைத்து எடுப்பர். இரு பகுதிகளை இணைக்கும்போது, இணையும் இடங்களில் கீறல் இட்டுக் களிக்குழம்பு தடவ வேண்டும். உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்குவதால், துளையைத் தேவையான அளவைவிடச் சற்றுப் பெரிதாக இடுவது வழக்கம்.

உலர்த்தல்

வெயிலில் வைத்தால் புறப்பகுதி உட்பகுதியைவிட விரைவாகச் சுருங்கி வெடிப்பு உண்டாகும். ஆதலால் நிழலில் சில நாட்கள் உலர்த்துவர். கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது குளிர்ச்சி தெரிந்தால் ஈரம் எஞ்சியுள்ளது என்பது பொருள். நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். சுடும்போது காதணிகள் வெடித்துச் சிதறுவதற்கு இவ்வாறு உள்ளே அடைபட்ட நீராவியே முதன்மையான காரணம்.

சுடுதல்

உலர்ந்த காதணிகளை இரும்புச் சட்டியில் பரப்பிய மணலின்மேல் வைத்து, ஓரிரு மணி நேரம் இளஞ்சூட்டில் வாட்டுவர். பின்னர் மண்சட்டியில் உமி அல்லது மரத்தூளுக்கு நடுவே அடுக்கி, வெட்டவெளியில் கரி நெருப்பில் சுடுவர். நெருப்பு அணைந்து, சட்டி தானாக ஆறிய பின்னரே காதணிகளை எடுக்க வேண்டும்.

களிமண் கனிமங்களில் வேதிமுறையில் பிணைந்துள்ள நீர் ஏறத்தாழ 450 முதல் 600 பாகை செல்சியசு வரையான வெப்பத்தில் வெளியேறுகின்றது. இதன்பின் மண் மீண்டும் குழைவதில்லை. வீட்டு மின்னடுப்புகள் பெரும்பாலும் 250 பாகை அளவையே எட்டுவதால், அவற்றில் சுட்ட காதணி நீர் பட்டால் கரைந்துவிடும். காற்றோட்டம் இருந்தால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடாகிக் காதணி சிவப்பாகும். காற்றுக் குறைந்து புகை சூழ்ந்தால் கரி படிந்து கறுப்பாகும்.

கொக்கியும் ஒவ்வாமையும்

சுட்ட மண் பொதுவாகத் தோலை உறுத்துவதில்லை. காதுத் துளையினுள் செல்லும் கொக்கியே கவனத்திற்குரியது. மலிவான கொக்கிகளில் உள்ள நிக்கல், தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஒவ்வாமைக்குக் காரணமாகின்றது. இவ்வொவ்வாமை ஒருமுறை ஏற்பட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994ஆம் ஆண்டு ஆணை ஒன்றின் மூலம் அணிகலன்களில் நிக்கலைக் கட்டுப்படுத்தியது. அங்கு துளையினுள் செல்லும் பகுதியிலிருந்து வெளியேறும் நிக்கல், வாரத்திற்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். டைட்டானியம், நையோபியம் ஆகியவற்றால் ஆன கொக்கிகள் ஒவ்வாமை உடையோருக்கு ஏற்றவை.