குழாயை வெட்டாமலே தண்ணீரை அளக்கலாம்!

வீட்டுக் குழாயில் வர்ற தண்ணீரை அளக்க ஒரு குடமும் கடிகாரமும் போதும். தொழிற்சாலையில் இராப்பகலா ஓடுற பெரிய இரும்புக் குழாய்க்கு என்ன செய்வது? குழாயை வெட்டி நடுவில் மீட்டர் வைக்கலாம். ஆனால் ஓட்டத்தை நிறுத்தணும், வெல்டர் வரணும், அன்றைய வேலை போச்சு! வெட்டாமல், வெளியே கட்டியே அளக்கிற கருவிதான் அல்ட்ராசானிக் ஃப்ளோ மீட்டர்.

சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கலாம். எவ்வளவு தண்ணீர் உள்ளே போகுது, எவ்வளவு வெளியே வருது என்ற கணக்கு விளையாட்டு இல்லை. ஏற்கெனவே இருக்கிற மீட்டர் உண்மை சொல்லுதா என்று சோதிக்கவும் இந்தக் கருவி உதவும்.

ஆற்றில் பரிசல் ஓட்டத்தோடு போனால் சீக்கிரம், எதிர்த்துப் போனால் தாமதம். ஒலியும் அப்படியேதான். குழாய்மேல் இரண்டு சென்சார்களைப் பட்டை போட்டுக் கட்டுறாங்க. காதுக்குக் கேட்காத ஒலியை ஒன்று அனுப்ப, மற்றது வாங்கும். பிறகு மாற்றி அனுப்பும். தண்ணீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1480 மீட்டர். 100 மி.மீ. குழாயில் தண்ணீர் விநாடிக்கு 1 மீட்டர் ஓடினால், ஒலி ஒருமுறை சாய்வாகக் கடக்கையில் இரு பக்க நேர வித்தியாசம் ஏறக்குறைய 40 நானோ விநாடி. ஒரு விநாடியை நூறு கோடித் துண்டாக்கினால் அதில் 40 துண்டு! அதனால்தான் பொருத்துறவர் அவசரப்பட்டால் கருவி கூசாமல் பொய் சொல்லும்.

முதலில் இடம். வளைவு, பம்பு, வால்வு பக்கத்தில் தண்ணீர் சுழலும். சென்சாருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு நேர்க்குழாய் வேணும். 200 மி.மீ. குழாய் என்றால் 2 மீட்டரும் 1 மீட்டரும். குழாய் நிரம்பி ஓடணும். படுத்த குழாயில் பக்கவாட்டில்தான் கட்டணும். உச்சியில் காற்று நிற்கும், அடியில் சேறு படியும். நிற்கிற குழாயில் தண்ணீர் மேல்நோக்கி ஏறுகிற இடம் நல்லது.

அடுத்து பெயின்ட், துருவைச் சுரண்டி வழவழப்பாக்கி, சென்சாரின் அடியில் கிரீஸ் தடவுவாங்க. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும்போது ஜெல் தடவுவது எதற்கோ, அதற்கேதான் இதுவும். நடுவில் மெல்லிய காற்று இடைவெளி இருந்தாலும் ஒலி உள்ளே நுழையாது.

குழாயின் விட்டம் எப்படித் தெரியும்? டேப்பால் சுற்றளவு எடுத்து 3.14 ஆல் வகுக்கணும். (கணக்கு வாத்தியார் சொன்னது வீண் போகலை!) சுவரின் கனத்தை அளக்கத் தனிக் கருவி உண்டு. இவற்றோடு குழாய் எந்தப் பொருள், உள்பூச்சு உண்டா, என்ன திரவம் என்று எல்லாம் கொடுத்தால், இரண்டு சென்சாருக்கும் எத்தனை மி.மீ. இடைவெளி என்று மீட்டரே சொல்லும். சின்னக் குழாயில் இரண்டும் ஒரே பக்கம். ஒலி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும். பெரிய குழாயில் எதிரெதிர்ப் பக்கம். நேர் எதிர்ப்புறத்தைக் கண்டுபிடிக்க, குழாயைச் சுற்றி ஒரு தாளை ஒட்டி அளவுக்கு வெட்டி, அதைப் பாதியாக மடித்துப் பார்த்தால் போதும். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது!

தண்ணீரில் குமிழி அதிகமானாலும், உள்பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருந்தாலும் சிக்னல் வராது. கடைசியாக வால்வை மூடிப் பார்ப்பாங்க. திரையில் பூஜ்யம் வரணும். வரலையா? உடனே மீட்டரைத் திட்டக்கூடாது, வால்வே கசியலாம்.