இடுப்பளவும் இருதயமும்

நம் இல்லங்களில் ஐம்பதை நெருங்கும் ஒரு தாய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றோ, புடவைக் கொசுவத்தில் இரண்டு மடிப்புக் குறைகிறது என்றோ சொன்னால், "தீட்டு நின்றால் அப்படித்தான்" என்று அவள் பேச்சை அத்துடன் முடித்துவிடுவது வெகுகால வழக்கமாயிருக்கிறது. அந்தச் சமாதானம் பாதி மெய். சொல்லாமல் விட்ட மறுபாதியிலேதான் அவளது பிராணன் இருக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு, இரத்தக் குழாய்களை இளக்கமாக வைத்து, எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை வரம்புக்குள் நிறுத்தி, சரீரத்தில் சேரும் கொழுப்பைப் பெரும்பாலும் தொடையிலும் பிருஷ்டத்திலும் ஒதுக்கிவைத்திருந்தது. தீட்டு நிற்கையில் அது குன்றியதும் கொழுப்பு வயிற்றுக்குள் புகுந்து குடலையும் கல்லீரலையும் சூழ, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பின்தொடர்ந்து ஏறுகின்றன. ஆதலால் தராசைவிடத் தையற்காரரின் நாடாவே இங்கு நம்பத்தக்க சாட்சி. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றிப் பார்க்கையில் 80 சென்டிமீட்டரைத் தாண்டினால், நம் நாட்டு ஸ்திரீகள் வைத்தியரை நாட வேண்டும். முப்பது வயது கடந்தோருக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

பருமனைப் பற்றிய பயத்தை வியாபாரமாக்குவோரைக் குறித்து மிகுந்த ஜாக்கிரதை தேவை. பசியை அடக்கும் சிபுட்ராமின் என்ற மருந்து, இருதய நோயாளிகளுக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவித்தமையால் 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆயினும் 'மூலிகை' என்று விற்கப்பட்ட உடல் இளைக்கவைக்கும் பொடிகளில் அது இரகசியமாகக் கலந்திருந்தது பல தேசங்களில் பிடிபட்டிருக்கிறது. உடற்பருமனையும் இருதய நோயையும் மருந்தால் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கியிருக்கிறது. அத்தகைய விளம்பரத்தை மருந்து ஆய்வாளருக்குத் தெரிவிக்கலாம். பணம் இழந்தவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், அல்லது இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வக்கீல் இல்லாமலே, முறையிடலாம்.

பட்டினி கிடந்து விரைவாக இளைத்தால் தசையும், ஏற்கெனவே மெலிந்துவரும் எலும்பும் சேர்ந்து கரையும். இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு நிதானமாகக் குறைந்தாலே அழுத்தமும் சர்க்கரையும் தணியத் தொடங்கும். சோற்றைக் குறைத்துப் பயறும் சுண்டலும் மீனும் கூட்டுவது, ஊறுகாய் அப்பளத்தை விலக்குவது, தினம் அரைமணி வேகமாக நடப்பது ஆகியவை எல்லோரும் அறிந்த உபாயங்களே. ஆனால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியது வீணாகக் கூடாதென்று தானே உண்டு தீர்ப்பவளுக்கு அந்த அரைமணியை யார் தருவது? அடுப்படி வேலையில் ஒரு பங்கை வீட்டார் ஏற்றாலொழிய அவளால் வாசலைத் தாண்ட இயலாது.

மாரடைப்பு பெண்களுக்குப் பெரும்பாலும் மார்வலியாகவே வரினும், சில வேளை தாடையிலும் முதுகிலும் வலியாய், குமட்டலாய், காரணமில்லாத வியர்வையும் அசதியுமாய் வருவதுண்டு. "வாயுதான்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திராமல், உடனே 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியை அடைந்ததும் முதலில் இ.சி.ஜி. எடுக்கும்படி கேளுங்கள்.