பனிக்கு அடியில் 80 நிமிடங்கள்

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள மலைகளில் மே மாதத்திலும் பனி கிடக்கும். ஆயினும் அது நடுக்குளிர்காலத்துப் பனி அன்று. இரவில் இறுகிக் கல்லாகும். பகல் வெயிலில் மேலிருந்து இளகும். இளகிய பனி சில வேளைகளில் சரிவாகப் பெயர்ந்து விழும். வெண்மையாகத் தோன்றும் தரைக்கு அடியில் ஓடைகள் பெருகத் தொடங்கியிருக்கும். இழுவைக் கம்பிகளும் காவலர்களும் இல்லாத இத்தகைய மலைகளில் பனிச்சறுக்குக்குச் செல்வோர், பனி இளகும் வேளையைத் தவிர்க்கும் நோக்கில் நேரம் பார்த்தே பெரும்பாலும் புறப்படுவர்.

புதிய துணையுடன் செல்வோர் புறப்படுமுன் சிலவற்றைப் பேசிக்கொள்வது வழக்கம். சரிவில் புதைந்தவரைக் கண்டறிய உதவும் சைகைக் கருவி இருவரிடமும் இயங்குகிறதா? துழாவும் கோலும் மண்வாரியும் உள்ளனவா? எவருக்கேனும் நோய் உண்டா, எந்த மருந்து உட்கொள்கிறார்? பனிச்சரிவில் முழுதும் புதைந்தவர் பிழைக்க வேண்டுமாயின் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்பட வேண்டும். அதற்குள் மீட்புக் குழு வந்து சேர்வது அரிது. உடன் வந்தவரே அங்கு எல்லாம். எனவே, ஒருவர் "திரும்பிவிடலாம்" என்றால் மற்றவர் மறுக்காமல் திரும்ப வேண்டும் என்பதையும் முன்னரே முடிவு செய்கின்றனர். புதியவரிடம் இதைச் சொல்வதற்குத்தான் கூச்சம் மிகுதி என எண்ணுகிறோம். மருத்துவரின் அறையில் கேட்காமல் விட்டுவிட்டு, வெளியே வந்தபின் நினைவுகூரும் வினாக்களுக்கும் அதே கூச்சமே காரணம்.

1999 மே 20 அன்று மாலை, நார்வே நாட்டின் நார்விக் நகருக்கு அருகே மூன்று இளம் மருத்துவர்கள் பணி முடிந்து பனிச்சறுக்குக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவர் ஸ்வீடனைச் சேர்ந்த 29 வயது அன்னா போகன்ஹோம். இறங்கும்போது நிலை தவறி, உறைந்திருந்த ஓடையின் மேல் விழுந்தார். பனிக்கட்டி பிளந்தது. தலையும் மார்பும் அதன் அடியில் சிக்கிக்கொள்ள, குளிர்நீர் அவர் உடலின் மேல் பாய்ந்தது. தோழர் இருவரும் வெளியே தெரிந்த கால்களையும் சறுக்குக் கட்டைகளையும் பற்றிக்கொண்டனர். கைப்பேசியில் உதவி கோரினர். இழுத்தும் அவர் வரவில்லை. பிடியையும் அவர்கள் விடவில்லை.

பனிக்கட்டிக்கு அடியில் இருந்த சிறிது காற்று அவரை ஏறத்தாழ 40 நிமிடங்கள் உயிருடன் வைத்திருந்தது. பின்னர் அசைவு நின்றது. மீட்புக் குழுவினர் பனிக்கட்டியை வெட்டி அவரை வெளியே எடுத்தபோது விழுந்து 80 நிமிடங்கள் ஆகியிருந்தன. மூச்சும் இல்லை, நாடியும் இல்லை. தோழர்கள் உடனே நெஞ்சை அழுத்திச் செயற்கைச் சுவாசம் அளிக்கத் தொடங்கினர். டிரோம்சோ நகர மருத்துவமனைக்குச் சென்ற ஹெலிகாப்டரிலும் அது நிறுத்தப்படவில்லை. அங்கு அளக்கப்பட்ட உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ். இயல்பான அளவு 37.

மருத்துவர் மாட்ஸ் கில்பெர்ட் தலைமையிலான குழு அவரை இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்தது. இதய அறுவைக்கூடத்தின் வெளியே காத்திருந்த குடும்பத்தினர் இப்பெயரைக் கேட்டிருப்பர். இரத்தத்தை உடலுக்கு வெளியே கொணர்ந்து, வெதுவெதுப்பாக்கி, மீண்டும் செலுத்தினர். நின்ற இதயம் துடித்தது.

காரணம் குளிரே. உடல் குளிரக் குளிர மூளைக்குத் தேவையான பிராணவாயுவின் அளவு வெகுவாகக் குறைகிறது. அன்னாவின் மூளை, இதயம் நிற்குமுன்னரே குளிர்ந்துவிட்டது. ஆதலால் இதனை எல்லோருக்கும் பொருத்திப் பார்த்தல் ஆகாது. நம் ஊர் வெப்பத்தில் இதயம் நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கும். 108-ஐ அழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

ஏறத்தாழப் பத்து நாள்களுக்குப் பின் அன்னா கண் விழித்தார். கழுத்துக்குக் கீழே உடல் அசையவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையுடன் இருந்தார். தம்மைக் காப்பாற்றிய தோழர்கள்மீதே அந்நாள்களில் சினம் கொண்டிருந்ததாகப் பின்னாளில் கூறினார். வாழ்நாள் முழுதும் மல்லாந்தே கிடக்க நேருமோ என்ற அச்சம் அவருக்கு. படுக்கையருகே அமர்ந்து இத்தகைய கடுஞ்சொல்லைக் கேட்டவர்கள் நம் வாசகர்களிலும் உண்டு. அச்சம் சினமாக வெளிப்படுவதை நோயாளிகளிடம் நாம் அடிக்கடி காண்கிறோம். அன்னா பின்னர் தோழர்களிடம் வருத்தம் தெரிவித்தார். கை கால்கள் மெல்ல மெல்லத் திரும்பின. கைகளில் சிறிது நரம்புக் குறை எஞ்சியது. மீண்டும் பணிக்குச் சென்றார். தம்மைப் பிழைக்க வைத்த அதே மருத்துவமனையில் கதிரியக்க மருத்துவராகவும் ஆனார்.

குளிரில் இதயம் நின்று, அம்மருத்துவமனையில் இயந்திரத்தால் வெப்பமூட்டப்பட்டவர்களுள் 1999-க்கு முன் எவரும் பிழைக்கவில்லை. 1999 முதல் 2013 வரை 24 பேருள் 9 பேர் பிழைத்தனர். இக்கணக்கை வெளியிட்ட மருத்துவர்களுள் ஒருவர், அன்று மாலை ஓடைக்கரையில் அன்னாவின் கால்களைப் பற்றியிருந்த தோழர்.